ஐந்து கார்களுக்கு மட்டும் வழி

2021 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி இரவு எட்டு மணியைத் தாண்டி அபுதாபியில் எடுக்கப்பட்ட ஒரு முடிவைப் பற்றிய சண்டை கோயம்புத்தூரில் இன்னும் ஓயவில்லை. ஃபார்முலா ஒன் பார்க்கிற ரெண்டு பேர் எங்கே சந்தித்தாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். லூயிஸ் ஹாமில்டனிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கிக் கொடுத்தார்கள் என்பார் ஒருவர். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஒரு வருஷம் பூராவும் உழைத்து வாங்கிய பட்டம் அது என்பார் இன்னொருவர். அதற்கு மேல் ரெண்டு பேருமே மற்றவர் சொல்வதைக் கேட்பதில்லை.

நான் லேத் பட்டறைக்காரன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் நடக்கும் வாரக்கடைசிகளில் வளைவோரம் கொடி பிடித்து நிற்கும் மார்ஷல்களில் ஒருவன். என் அக்கா பையன் வெர்ஸ்டாப்பன் வெறியன். பட்டறையில் என்னோடு வேலை செய்பவர் ஹாமில்டனுக்காக உயிரை விடுபவர். இந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து அந்த ரேஸைப் பார்த்தவன் என்ற முறையிலும், கொடி பிடிப்பவன் என்ற முறையிலும் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஃபார்முலா ஒன் பார்க்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன்.

அந்த வருஷம் 22 ரேஸ்கள். 21 முடிந்தபோது இருவரிடமும் சரியாக 369.5 புள்ளிகள். கடைசி ரேஸுக்கு ரெண்டு பேர் சம புள்ளியோடு வந்தது அதற்கு முன் 1974இல்தான். அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது என்பதே ஒரு தனி வழக்கு. ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஸ்பா மைதானத்தில் கொட்டோ கொட்டென்று மழை. மணிக்கணக்காகக் காத்திருந்துவிட்டு, சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்வலமாகச் சில சுற்றுகள் ஓட்டினார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை, முந்தவும் அனுமதியில்லை. அதை ரேஸ் என்று கணக்கெழுதிப் பாதிப் புள்ளி கொடுத்தார்கள். வெர்ஸ்டாப்பனுக்கு 12.5, ஹாமில்டனுக்கு 7.5. அந்த நாளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஹாமில்டன் 5 புள்ளி முன்னிலையோடு அபுதாபிக்கு வந்திருப்பார். மழையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்த ஜனங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அபுதாபியின் யாஸ் மரீனா மைதானத்தில் 58 சுற்று. வெர்ஸ்டாப்பன் முதல் இடத்தில் நின்று புறப்பட்டார். ஆனால் முதல் வளைவுக்குள்ளேயே ஹாமில்டன் முந்திவிட்டார். அதே சுற்றில் வெர்ஸ்டாப்பன் உள்பக்கமாகப் பாய்ந்தபோது ஹாமில்டன் பாதையை விட்டு வெளியே போய், முன்னிலையை விடாமல் திரும்பி வந்தார். அதற்கு விசாரணை வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்போதே எங்கள் வீட்டுக் கூடத்தில் சத்தம் கிளம்பிவிட்டது. பிறகு ரெட் புல் அணியின் செர்ஜியோ பெரெஸ் பழைய டயரை வைத்துக்கொண்டு ஹாமில்டனை மறித்துப் பிடித்து, தன் அணிக்காரர் வெர்ஸ்டாப்பனுக்கு வினாடிகளைச் சேர்த்துக் கொடுத்தார். அதுவும் போதவில்லை. 53ஆவது சுற்றில் ஹாமில்டன் 11 வினாடி அளவுக்கு முன்னால் இருந்தார். வேகத்தைப் பார்த்தால் பட்டம் அவர் கையில். அது எட்டாவது பட்டமாக இருந்திருக்கும். மைக்கேல் ஷூமாக்கரின் ஏழு பட்டங்களை யாரும் தாண்டியதில்லை.

அந்தச் சுற்றில்தான் வில்லியம்ஸ் அணியின் நிக்கோலஸ் லடிஃபி 14ஆவது வளைவில் கட்டுப்பாடு இழந்து சுவரில் மோதினார்.

கார் பாதையில் கிடக்கிறது, அதை எடுக்க மார்ஷல்கள் இறங்க வேண்டும். எனவே சேஃப்டி கார் வந்தது. சேஃப்டி கார் வந்தால் எல்லோரும் வேகத்தைக் குறைத்து அதன் பின்னால் வரிசையாகப் போக வேண்டும். முந்தக் கூடாது. அதுவரை பாடுபட்டுச் சேர்த்த இடைவெளியெல்லாம் கரைந்துபோகும். இது விளையாட்டின் விதி, இதில் யாருக்கும் புகார் இல்லை. ஆனால் ஹாமில்டன் சிக்கிக்கொண்ட விதத்தைக் கவனியுங்கள். அவருடைய காரில் இருந்தது 14ஆவது சுற்றில் மாட்டிய ஹார்டு டயர். தேய்ந்துபோனது. மாற்றலாம் என்று அவர் பிட்டுக்குள் போனால் பின்னால் வரும் வெர்ஸ்டாப்பன் போகாமல் முதலிடத்தைப் பிடித்துக்கொள்வார். ரேஸ் சேஃப்டி காருக்குப் பின்னாலேயே முடிந்தால் அதோடு பட்டம் போச்சு. வெர்ஸ்டாப்பனுக்கு அந்தக் கவலை இல்லை. அவர் உள்ளே போய்ப் புது சாஃப்ட் டயர் மாட்டிக்கொண்டு ரெண்டாவது இடத்துக்கே திரும்பி வந்தார். முன்னால் போகிறவனுக்குத்தான் இந்தத் தண்டனை. ரெட் புல் செய்தது நூற்றுக்கு நூறு நியாயமான ஆட்டம்.

மிச்சம் இருந்த ஒரே தடை, ஒரு சுற்று பின்தங்கிய கார்கள். வேகமான கார் மெதுவான காரை ஒரு முழுச் சுற்று பின்னுக்குத் தள்ளிவிட்டால், பாதையில் அது முன்னால் போனாலும் கணக்கில் பின்னால்தான். நம்ம நரேன் கார்த்திகேயனுக்கு இந்த வேதனை நன்றாகத் தெரியும். 2012இல் எச்ஆர்டி என்ற மிக மெதுவான காரை ஓட்டிக்கொண்டிருந்தபோது, செபாங்கில் அவரைத் தாண்டிப் போன செபாஸ்டியன் வெட்டலின் டயர் அவர் கார் உரசிக் கிழிந்தது. உலக சாம்பியன் வாயில் விழுந்து, தண்டனையும் வாங்கினார் நரேன். மெதுவான காரை ஓட்டுபவன் கண்ணாடியையும் பார்க்க வேண்டும், கொடியையும் பார்க்க வேண்டும், தன் ரேஸையும் ஓட்ட வேண்டும்.

அபுதாபியில் அப்படிப் பின்தங்கிய கார்கள் எட்டு. அதில் ஐந்து ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தன: நாரிஸ், அலோன்சோ, ஓகோன், லெக்ளேர், வெட்டல். மற்ற மூன்றும், ரிக்கார்டோ, ஸ்ட்ரோல், மிக் ஷூமாக்கர் ஓட்டியவை, வெர்ஸ்டாப்பனுக்குப் பின்னால் இருந்தன.

ரேஸை நடத்தும் ரேஸ் டைரக்டர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் மாசி. பல்லாண்டு அந்த வேலையைப் பார்த்த சார்லி வைட்டிங் 2019 மார்ச்சில் திடீரென்று இறந்துபோக, அந்த நாற்காலிக்கு வந்தவர். முதலில் அவர் அனுப்பிய செய்தி: பின்தங்கிய கார்கள் முந்த அனுமதி இல்லை. திரையில் எல்லோரும் பார்த்தோம். பட்டறை நண்பர் கையைத் தட்டினார், என் மருமகன் தலையில் கை வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு செய்தி வந்தது: 4, 14, 31, 16, 5 ஆகிய எண் கார்கள் சேஃப்டி காரை முந்திப் போகலாம். எட்டு கார்களில் ஐந்துக்கு மட்டும் வழி. நடுவில் இருந்த அந்த ஐந்துக்கு மட்டும். உடனே, இந்தச் சுற்றோடு சேஃப்டி கார் உள்ளே போகும் என்ற அறிவிப்பு.

அன்றைய விதிப்புத்தகத்தின் 48.12ஆம் பிரிவு, பின்தங்கிய கார்களை முந்தவிட்டால் கடைசிக் காரும் முந்தி முடித்த பிறகு அடுத்த சுற்றின் முடிவில்தான் சேஃப்டி கார் உள்ளே போகும் என்றது. அப்படிச் செய்திருந்தால் 58ஆவது சுற்று சேஃப்டி காருக்குப் பின்னாலேயே முடிந்திருக்கும்.

மாசிக்கு முன்னால் விதிக்கு உட்பட்டு மூன்று வழி இருந்தது. விபத்து நடந்த உடனே சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்தியிருக்கலாம். இருவரும் டயர் மாற்றிக்கொண்டு, மறுபடி நின்று புறப்பட்டு மோதியிருப்பார்கள். அதே வருஷம் ஜூனில் அஜர்பைஜானின் பாகூவில் ரெண்டு சுற்று மிச்சமிருக்கும்போது அப்படித்தான் நடந்தது. இல்லையென்றால், முதலில் சொன்னபடி ஐந்து கார்களையும் நடுவிலேயே வைத்துக்கொண்டு ரேஸைத் தொடர்ந்திருக்கலாம். அதுவும் இல்லையென்றால், எட்டு கார்களையும் விட்டுவிட்டு சேஃப்டி காருக்குப் பின்னால் முடித்திருக்கலாம். முதல் வழி யாருக்குச் சாதகம் என்று சொல்ல முடியாது. மற்ற ரெண்டும் ஹாமில்டனுக்குச் சாதகம். நடந்தது இந்த மூன்றில் எதுவும் இல்லை. கிரிக்கெட்டில் கடைசி ஓவரில் ஃபீல்டிங் கட்டுப்பாட்டை ஒரு பேட்ஸ்மேனுக்காக மட்டும் மாற்றி வைத்தது போலத்தான் எனக்குப் பட்டது.

மிச்சம் ஒரே ஒரு சுற்று. 5ஆவது வளைவில் வெர்ஸ்டாப்பன் உள்ளே புகுந்தார், முந்தினார். அதன் பிறகு ரெண்டு நீண்ட நேர்ப்பாதையிலும் ஹாமில்டன் தேய்ந்த டயரோடு பக்கத்தில் வந்து முட்டிப் பார்த்ததை மறக்கவே முடியாது. முடியவில்லை. 395.5க்கு 387.5. ஹாமில்டன் காரை நிறுத்திவிட்டு வெகுநேரம் இறங்காமல் உள்ளேயே இருந்தார். பிறகு போய் வெர்ஸ்டாப்பனை வாழ்த்தினார். ஹாமில்டனின் அப்பா ஆண்டனியும் அவரோடு நின்றார். அந்த மனுஷருக்கு என்னுடைய மரியாதை என்றைக்கும் உண்டு.

என் மருமகனின் வாதத்தை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். "மாமா, சில்வர்ஸ்டோன்ல இடிச்சுத் தள்ளுனப்ப எங்க போச்சு இந்த நியாயமெல்லாம்?" என்பான். ஜூலையில் பிரிட்டனில், முதல் சுற்றில், காப்ஸ் வளைவில் ஹாமில்டனின் சக்கரம் பட்டு வெர்ஸ்டாப்பன் 51ஜி விசையோடு தடுப்பில் மோதி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஹாமில்டனுக்குக் கிடைத்த தண்டனை 10 வினாடி. அந்த ரேஸை அவர்தான் ஜெயித்தார். பாகூவில் முன்னிலையில் போய்க்கொண்டிருந்த வெர்ஸ்டாப்பனின் டயர் வெடித்தது. ஹங்கேரியில் ஹாமில்டனின் மெர்சிடிஸ் அணியின் இன்னொரு கார் கிளப்பிய மோதலில் அவர் கார் பாதி உடைந்தது. வருஷக் கணக்கில் 10 வெற்றி அவருக்கு, 8 ஹாமில்டனுக்கு. "வருஷம் பூரா பாருங்க மாமா, அஞ்சு சுத்த மட்டும் பாக்காதீங்க."

அதற்கு நான் சொல்வது இதுதான். "கண்ணு, டயர் வெடிச்சது விதி எழுதுனவன் செஞ்சது இல்ல. சில்வர்ஸ்டோன்ல தண்டனை பத்தலைன்னா அது வேற வழக்கு. ஒரு வழக்குல நடந்த தப்ப இன்னொரு வழக்குல ஈடுகட்ட முடியாது." வெர்ஸ்டாப்பன் அந்த வருஷம் பட்டத்துக்குத் தகுதியானவர். அந்தக் கடைசிச் சுற்றில் அவர் எந்த விதியையும் மீறவில்லை. கிடைத்த வழியில் அசாத்தியமாக ஓட்டினார். அதேபோல் அந்த வழி கிடைத்தது தவறான முடிவால். இந்த ரெண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் ரெண்டு கட்சிக்காரர்களும் என்னை அடிக்க வருகிறார்கள். ஆனால் ரெண்டும் உண்மை.

பட்டறை நண்பர் மாசியைச் சதிகாரர் என்பார். அதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வானொலிப் பேச்சைக் கேட்டவர்களுக்கு நடந்தது தெரியும். அந்த வருஷம்தான் அணித் தலைவர்களுக்கும் ரேஸ் டைரக்டருக்கும் நடக்கும் பேச்சை டிவியில் ஒலிபரப்ப ஆரம்பித்தார்கள், சுவாரசியத்துக்காக. அபுதாபியில் ஒரு கார் வழியில் நின்றபோது மெர்சிடிஸின் டோட்டோ வோல்ஃப் கூப்பிட்டு, தயவுசெய்து சேஃப்டி கார் வேண்டாம் என்றார். லடிஃபி மோதியபின் ரெட் புல்லின் கிறிஸ்டியன் ஹார்னர் கூப்பிட்டு, இந்தக் கார்களை ஏன் இன்னும் விலக்கவில்லை, எங்களுக்கு ஒரே ஒரு சுற்று ரேஸ் போதும் என்றார். ரெட் புல்லின் ஜோனதன் வீட்லி இன்னும் நுணுக்கமாக, அந்தக் கார்கள் முழுச் சுற்றும் போய் வரிசையின் கடைசியில் சேர வேண்டியதில்லையே, வழிவிட்டால் போதுமே என்று எடுத்துக்கொடுத்தார். ரேஸ் முடிந்த பிறகு வோல்ஃப் கத்தியபோது, இது மோட்டார் ரேஸ், நாங்கள் ரேஸ் நடத்தினோம் என்று மாசி சொன்ன பதிலை உலகமே கேட்டது.

நான் நிற்கும் இடத்தில் இருந்து இதைப் பாருங்கள். பாதையில் ஒரு கார் சுவரோடு கிடக்கிறது. பிரேக்கிலிருந்து புகை. ஒருத்தர் தீயணைப்பானோடு ஓடுகிறார், இன்னொருத்தர் சிதறிய துண்டுகளைப் பொறுக்குகிறார். முதுகுக்குப் பின்னால் கார்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. அந்த நேரம் எங்கள் காதில் ஒரே குரல்தான் கேட்க வேண்டும், கட்டுப்பாட்டு அறையின் குரல். அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் எங்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் பாதையில் கால் வைக்கிறோம். மாசியோ அந்த நிமிஷத்தில் பட்டத்துக்குப் போராடும் ரெண்டு அணிக்கும் மாறி மாறிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் மாசி மேல் இல்லை. அந்தத் தொலைபேசிக் கம்பியை அவர் மேசையில் போட்டுக் கொடுத்து, அதை ஊருக்கும் ஒலிபரப்பியவர்கள் மேல்தான்.

மெர்சிடிஸ் அன்றிரவே ரெண்டு புகார் கொடுத்தது. ரெண்டும் தள்ளுபடி. 15.3ஆம் பிரிவின்படி சேஃப்டி காரைப் பயன்படுத்துவதில் ரேஸ் டைரக்டருக்கு மேலதிகாரம் உண்டு, உள்ளே போகும் என்று அறிவித்துவிட்டால் அந்தச் சுற்றோடு போயாக வேண்டும் என்பது நடுவர்களின் விளக்கம். விதியில் பின்தங்கிய 'எந்தக் கார்களும்' என்றுதான் இருக்கிறது, 'எல்லாக் கார்களும்' என்று இல்லை என்று வாதாடியது ரெட் புல். ஆனால் 2020இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் முடிந்ததும், பின்தங்கிய கார்கள் அத்தனையையும் விட வேண்டும் என்று விதி இருக்கிறது என்று சொன்னவரே மாசிதான். எனக்கு இந்த ஒன்று போதும்.

மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்ன மெர்சிடிஸ் டிசம்பர் 16ஆம் தேதி அதைக் கைவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் ஹாமில்டன் வின்ட்சர் அரண்மனையில் சர் பட்டம் வாங்கினார். 2022 பிப்ரவரியில் மாசி அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அணித் தலைவர்கள் ரேஸ் நடக்கும்போது நேராகப் பேசுவதும் நிறுத்தப்பட்டது. மார்ச் 19ஆம் தேதி சர்வதேச ஆட்டோமொபைல் சம்மேளனம் அறிக்கை வெளியிட்டது. ரேஸ் டைரக்டர் நல்லெண்ணத்தோடுதான் நடந்துகொண்டார், ஆனால் பின்தங்கிய கார்களை அடையாளம் காண்பதில் மனிதத் தவறு நேர்ந்தது, கூடுதல் சுற்று முடியும் முன்பே சேஃப்டி கார் அழைக்கப்பட்டது, இருந்தாலும் முடிவு செல்லும் என்றது. கார்களைக் கைக்கணக்காகப் பார்த்துச் சொல்லும் வழக்கத்தை விட்டு மென்பொருளுக்கு மாறினார்கள். விதியில் 'எல்லா' என்று திருத்தினார்கள்.

திருத்தாமல் போனது ரசிகர்களின் வெறி. லடிஃபி செய்த ஒரே காரியம் சுவரில் மோதியது. ரேஸ் ஓட்டுபவர்கள் எல்லோரும் செய்வது. அவருக்கு வந்த வசவுகளில் கொலைமிரட்டலும் இருந்தது. பிற்பாடு லண்டனில் வெளியே போகப் பாதுகாப்புக்கு ஆள் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று அவரே சொன்னார். மாசிக்கும் மிரட்டல்கள் வந்தன. எங்கள் வீட்டுக் கூடத்தில் எவ்வளவு சத்தம் போட்டாலும், லடிஃபியைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசினால் எழுந்து வெளியே போகலாம் என்று ரெண்டு பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

2022 செப்டம்பரில் இத்தாலியின் மொன்சாவில் கடைசிச் சுற்றுகளில் ரிக்கார்டோவின் கார் நின்றுவிட, ரேஸ் சேஃப்டி காருக்குப் பின்னாலேயே முடிந்தது. ஜெயித்தவர் வெர்ஸ்டாப்பன். கூட்டம் கூச்சல் போட்டது. எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. 2012இல் வெட்டல் பிரேசிலில் பட்டம் வாங்கியதும் சேஃப்டி காருக்குப் பின்னால்தான். அந்தப் பட்டம் யாருக்கும் குறைவாகத் தெரியவில்லையே.

மருமகன் சிவப்புக் கொடிக் கட்சி. நிறுத்திவிட்டுப் புது டயரோடு மறுபடி ஓட விடணும் என்பான். 2023இல் மெல்பர்னில் அப்படித்தான் ரெண்டு சுற்று மிச்சமிருக்கும்போது மறுபடி புறப்பட விட்டார்கள். முதல் வளைவிலேயே கார்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, ஆல்பீன் அணியின் ரெண்டு காருமே ஒன்றையொன்று மோதி நின்றன, மறுபடியும் சிவப்புக் கொடி. கடைசியில் சேஃப்டி காருக்குப் பின்னால்தான் முடித்தார்கள். கடைசிச் சுற்றுக்கு விறுவிறுப்பு வேண்டும் என்று பாதையில் இருப்பவர்களைப் பணயம் வைக்கச் சொன்னால் எனக்கு ஒப்பாது.

எனக்குப் பிடித்தது ரெண்டாவது வழி. முதலில் அனுப்பிய செய்தி நின்றிருக்க வேண்டும். ஐந்து கார்களும் நடுவில் இருக்கட்டும். விபத்து இடம் சுத்தமானதும் சேஃப்டி கார் உள்ளே போகட்டும். நாங்கள் வளைவோரம் நின்று நீலக் கொடியை வீசுவோம். பின்னால் வேகமான கார் வருகிறது, ஒதுங்கு என்று அதற்கு அர்த்தம். ஒதுங்கியே ஆக வேண்டும், ஒதுங்காவிட்டால் தண்டனை. ஹாமில்டன் தேய்ந்த டயரில் முன்னால் ஓடட்டும். வெர்ஸ்டாப்பன் புது சாஃப்ட் டயரோடு வெட்டல், லெக்ளேர், ஓகோன், அலோன்சோ, நாரிஸ் என்று ஒவ்வொருவராகத் தாண்டி வரட்டும். வந்து சேர்ந்துவிட்டால் பட்டம் அவருடையது, பட்டறை நண்பரும் வாயை மூடிக்கொண்டு கைதட்டியிருப்பார்.